எட்டாம் வள்ளலுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

திருவும் புகழும் ஒருங்கே வாய்த்த நிர்வாக இயக்குநர் பெருமான் அவர்களின் சமுகத்துக்கு, அடியார் கூட்டத்தில் ஒருவன் பணிந்து எழுதும் மெய்க்கீர்த்தி.

பெயரைச் சொல்லிப் பாடினால் புகழ் ஒருவரோடு நின்றுவிடும். தங்கள் பெருமையோ ஓர் உடலுக்குள் அடங்குவதன்று. நாகல்கேணியில் தோல் பதனிடுகிறீர்கள்; குரோம்பேட்டையில் மருத்துவமனை நடத்துகிறீர்கள்; தாம்பரம் சானடோரியத்து மெப்ஸ் வளாகத்திலிருந்து கப்பலேற்றுகிறீர்கள்; சேலையூரில் பள்ளிக்கூடம், பெருங்களத்தூரில் கிடங்கு, துரைப்பாக்கத்தில் கண்ணாடி மாளிகை என்று ஜி.எஸ்.டி. சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே எத்தனையோ திருவுருவங்களில் எழுந்தருளியிருக்கிறீர்கள். உருவம் பலவானாலும் குணம் ஒன்றே. அது ஈகை.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்தினான். அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி நீட்டினான். நல்லவர்கள்தாம், ஆனால் எதிரே நிற்பவரைக் கண்ணால் கண்ட பிறகே அவர்களுக்குக் கை நீண்டது. தாங்களோ முகம் தெரியாதவனுக்கு, மொழி தெரியாதவனுக்கு, எந்தக் கண்டத்தில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே தெரியாதவனுக்கு, நிறுவனத்தையே தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கச் சித்தமாய் இருக்கிறீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டு, ரான்சம்வேர் என்ற பெயரில் உலகெங்கும் திரியும் இரவலர் கூட்டத்துக்குத் தங்களைப் போன்ற புரவலர் வேறு எவர்? ஏழோடு நின்றுபோன வள்ளல் வரிசையில் எட்டாம் இருக்கை தங்களுக்காகவே காத்திருந்தது.

முதலில் தங்கள் கோட்டை வாயிலைப் பாடுகிறேன். கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், ஊழியர்களின் ஆதார் நகல் எல்லாம் குடியிருக்கும் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்றொரு வாசல் உண்டு. மாதம் பிறந்தால் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் ராஜகீழ்ப்பாக்கத்தில் தன் வீட்டிலிருந்தே டேலியைத் திறந்து ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா? அவன் ஒருவனுடைய சௌகரியத்துக்காக அந்த வாசலை இணையம் முழுமைக்கும் அல்லும் பகலும் திறந்து வைத்தீர்கள். எந்த ஊரில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் உலகில் உண்டு; அவற்றின் கை ஓய்வதே இல்லை. அவை வந்து தட்டும்போது கதவு மூடியிருந்தால் எத்தனை ஏமாற்றம்! அந்த ஏமாற்றத்தைத் தாங்காத இளகிய மனம் தங்களுடையது.

கடவுச்சொல்லோ தங்கள் எளிமைக்குச் சான்று. கம்பெனியின் பெயர், அதன் வாலில் ஓர் அட் குறி, அதற்குப் பின் ஒன்று இரண்டு மூன்று. மேலாளர் முதல் நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர் வரை அனைவருக்கும் அதுவே. மறந்துவிடக் கூடாதே என்ற கருணையில் ரிசப்ஷன் மானிட்டரின் அடி ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியும் வைத்திருக்கிறீர்கள். கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் ஓ.டி.பி.யையும் கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்று சொன்னபோது, "என் கம்பெனிக்குள்ள போக நான் யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்று தாங்கள் முழங்கியதைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் எண்ணெய்க் குழாயையே மூட நேர்ந்து, 44 லட்சம் டாலரைக் கப்பம் கட்டியது. இரண்டாம் சோதனை இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு, அதற்கு ஒரே ஒரு கடவுச்சொல்: அவ்வளவுதான் அங்கே திறந்திருந்த வாசல். அந்தப் பெருமை தாம்பரத்துக்கும் கிட்ட வேண்டாமா என்ற தங்கள் ஊர்ப்பற்றை என்ன சொல்லிப் புகழ்வேன்!

அரசவையில் அமைச்சன் ஒருவன் இருக்க வேண்டும். தங்களுக்கு ஐ.டி. தம்பி இருக்கிறார். சர்வர் அவர் பொறுப்பு; சி.சி.டி.வி. அவர் பொறுப்பு, பிரிண்டர், புரொஜெக்டர், பயோமெட்ரிக், அம்மாவின் ஐபோன் எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் அவர் தங்கள் அறை வாசலில் தயங்கி நின்றதைக் கண்டவர்கள் உண்டு.

"சார், பேக்கப்புக்குத் தனியா ரெண்டு ஹார்ட் டிஸ்க் வேணும் சார். ஃபயர்வால் ரினீவலும் போன மாசமே முடிஞ்சிடுச்சு."

"நம்மள யாருப்பா ஹேக் பண்ணப் போறான்? நாம என்ன அமெரிக்காவா? போய் அந்த ரிசப்ஷன் பிரிண்டரப் பாரு. பேப்பர் ஜாம் ஆகுதாம்."

என்ன தன்னடக்கம்! தங்களைத் திருடனும் மதிக்க மாட்டான் என்று தாங்களே நினைத்துக்கொள்ளும் பணிவு எந்தச் சக்கரவர்த்திக்கு வாய்த்தது? தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக வாலாஜாபாத் சாலையில் போனால் வரும் ஒரகடமும் அமெரிக்காவில் இல்லைதான். 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகைச் சுற்றி வந்தபோது, அங்கிருக்கும் ரெனோ நிஸான் கார்த் தொழிற்சாலையையும் தொட்டது, உற்பத்தி நின்றது. அது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளை நிலைகுலைத்த அதே வாரம். ஒரு கணினிக்கு 300 டாலர் கேட்ட அந்த நச்சுநிரல் விண்டோஸின் ஓர் ஓட்டை வழியாக நுழைந்தது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவகாசம். அவசரக்காரர்கள் அந்த இரண்டு மாதத்துக்குள் அப்டேட் செய்துகொண்டு அந்த அனுபவத்தை இழந்தார்கள். தாங்கள் அப்படிப்பட்ட அவசரக்காரர் அல்லர். "அப்டேட் போட்டா மெஷின் ஸ்லோ ஆயிடும்" என்பது தங்கள் திருவாக்கு; திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் நினைவூட்டலை 'பிறகு' என்று அனுப்பிவைக்கும் தங்கள் பொறுமைக்குப் பூமாதேவியே கைகூப்புவாள்.

பழமை போற்றும் பண்பும் அப்படியே. விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று கைகழுவியது. விண்டோஸ் 10-ஐ 2025 அக்டோபர் 14 அன்று. பெற்றவளே கைவிட்ட அந்த அநாதைகளைத் தாங்கள் கைவிடவில்லை. பில் போடும் பழைய மென்பொருள் புதியதில் ஓடாது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை மார்போடு அணைத்துக் காத்து வருகிறீர்கள்.

சிக்கனம் அரசர்க்கு அணி. உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் ஊதாரிகள் நடுவே கிராக் செய்த மென்பொருளை நிறுவி, "ஆன்டிவைரஸ் தடுக்குது சார்" என்று தம்பி சொன்னதும், "அப்ப அதைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணு" என்று ஆணையிட்டீர்கள். இந்த கிராக் மென்பொருள்களின் முதுகில் ஏறி வருவதையே வழக்கமாகக் கொண்ட ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் குடும்பம் ஒன்று உண்டு. அது தங்கியிருந்து போன கணினியைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் நான்கெழுத்து வால் முளைத்திருக்கும். இன்வாய்ஸ் திறக்காது, டேலி திறக்காது, பத்து வருடக் கணக்கு வெறும் பெயர்ப் பலகையாய் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்ற பெயரில் ஒரு சீட்டு மட்டும் தெளிவாகத் திறக்கும். சாவியின் விலை 980 டாலர் என்றே அதில் நெடுங்காலம் எழுதியிருந்தது. 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. மென்பொருளில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த சிக்கனம், ஆடி பிறக்காமலே ஆடித் தள்ளுபடியையும் சம்பாதித்துக் கொடுத்தது. எந்த நிதியமைச்சர் இப்படிக் கணக்குப் போட்டார்?

இனி தங்கள் பேக்கப்பைப் பாட வேண்டும். இதற்கு ஆயிரம் நா வேண்டும். ஊர் உலகத்தில் மூன்று பிரதி வை, இரண்டு வகைக் கருவியில் வை, ஒன்றையாவது வேறு இடத்தில் வை என்று ஒரு சூத்திரம் சொல்கிறார்கள். தாங்கள் பிரிவினை பொறுக்காதவர். சர்வரையும் அதன் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே மேசையில், ஒரே கேபிளில், ஒரு நொடியும் பிரியாத தம்பதியராய்க் குடிவைத்தீர்கள். ஆயுத பூஜையன்று இரண்டின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நச்சுநிரல் வந்த அன்று சர்வர் பூட்டப்பட்ட அதே நிமிடத்தில் டிஸ்க்கும் பூட்டப்பட்டது. உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்த பிறகும் அதைக் கணினி அறையில் காப்பாற்றிக் கொடுத்த புண்ணியம் தங்களைச் சேரும்.

2017 ஜூன் 27 அன்று, ரான்சம்வேர் வேடம் போட்டு வந்த நாட்பெட்யா டென்மார்க்கின் மார்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தது. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் ஸ்தம்பித்தது. அந்நிறுவனத்தின் வலையமைப்புக்கு ஆதாரமான டொமைன் கன்ட்ரோலர்கள் சுமார் 150, உலகம் முழுவதிலும் அழிந்தன. மிஞ்சியது ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்த ஒன்றே ஒன்று. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது. இணைப்பு அறுந்திருந்ததால் உயிர் தப்பிய அந்த ஒரு பிரதியை விமானத்தில் கைமாற்றி லண்டனுக்குக் கொண்டுவந்துதான் கம்பெனியை எழுப்பினார்கள். தங்களிடம் அப்படியோர் அசம்பாவிதம் நேர வழியில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகு ஜெனரேட்டரை மேடையேற்றினீர்கள், யு.பி.எஸ்.ஸும் இரட்டை. மின்வாரியமே விரும்பினாலும் தங்கள் பேக்கப்பின் இணைப்பை ஒரு நிமிடம் அறுக்க முடியாது. அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்பவன் தங்கள் நம்பிக்கையைச் சந்தேகிக்கும் நாத்திகன்.

சமத்துவத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். தங்கள் அலுவலகத்தில் வாசல் கேமராவும், விருந்தினர் வைஃபையும், மருத்துவமனையானால் ஸ்கேன் இயந்திரமும், மருந்தகமும், நோயாளிப் பதிவேடும் ஒரே வலையமைப்பில் சுவரின்றி, வேலியின்றி வாழ்கின்றன. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று அப்படித்தான் வந்தது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டன. வலையமைப்பைச் சரியாகப் பகுக்காததே வழிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. இரண்டு வாரம் அந்த மகா மருத்துவமனை கையெழுத்துச் சீட்டில் நடந்தது. விடிவதற்கு முன் வரிசையில் நின்ற ஏழை நோயாளி, பழைய ரிப்போர்ட்டைக் கணினியில் காட்ட முடியாமல், காகிதமும் கையுமாய் அங்கும் இங்கும் அலைந்தார். காகிதத்துக்கும் பேனாவுக்கும் இக்காலத்தில் இப்படியொரு மறுவாழ்வு! குரோம்பேட்டை, மேடவாக்கம் நோயாளிகளுக்கும் அந்தப் பழங்காலச் சுகத்தை அருளத் தாங்கள் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டீர்கள்.

மென்பொருள் கொடுத்த வெண்டருக்குத் தாங்கள் தந்திருக்கும் சாவிக்கொத்தையும் பாட வேண்டும். அவர் வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நட்பில் கேள்வி உண்டா? 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற ஒரே ஒரு சேவை நிறுவனத்தின் மேல் ரான்சம்வேர் விழுந்தது. அதை நம்பியிருந்த சுமார் 300 கூட்டுறவு வங்கிகளையும் கிராம வங்கிகளையும் தேசியப் பணப் பரிவர்த்தனை வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டியதாயிற்று. கடன் வாங்காதவனும், கணினியைத் தொடாதவனும், பாஸ்புக்கோடு வந்து நின்ற விவசாயியும் அந்த நட்பின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நாள் வந்தது. திங்கள்கிழமை காலை, திரை எங்கும் சிவப்பு எழுத்து. அப்போதுதான் தங்கள் ராஜ கம்பீரம் முழுதாய் வெளிப்பட்டது. இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை பிறந்தது. 1930 என்று ஓர் உதவி எண்ணும் இருக்கிறது. தாங்களோ முதல் ஆறு மணி நேரத்தையும் ஐ.டி. தம்பியை விசாரிக்கும் நீதி பரிபாலனத்துக்கே அர்ப்பணித்தீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் கேட்டவனே குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆணை: "எல்லா மெஷினையும் ஃபார்மட் பண்ணு. வெளியில மூச்சு விடாதே." வந்தவன் எந்த வழியாக வந்தான், எதை எடுத்துப் போனான், இன்னும் உள்ளே இருக்கிறானா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பதிவேடுகள். சாட்சியைத் துடைத்துவிட்டீர்கள். விருந்தாளியின் மானத்தை இப்படிக் காத்த இல்லத்தரசர் வேறு யார்?

2021 செப்டம்பரில் கோட்டையிலேயே, தலைமைச் செயலகத்துப் பொதுத் துறைக் கணினிகளில் ரான்சம்வேர் புகுந்து 1,950 டாலர் கேட்டது. அரசு என்ன செய்தது? வெட்கமில்லாமல் வல்லுநர்களைக் கூப்பிட்டது. செய்தியும் ஊருக்குத் தெரிந்தது. சில நச்சுநிரல்களுக்குச் சாவி இலவசமாகவே கிடைக்கும், முதலில் அங்கே தேடிப் பார் என்று நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் 2016-லிருந்து ஒரு தளம் நடத்துகின்றன. இலவசத்துக்குக் கை நீட்டுவது வள்ளலுக்கு அழகா? தாங்கள் கிரிப்டோவில் கொடுத்தீர்கள், ரசீதும் கேட்கவில்லை.

கொடுத்ததோடு முடிந்ததா? சங்க காலத்தில் பரிசில் பெற்று வரும் பாணன், வழியில் எதிர்ப்படும் ஏழைப் பாணனிடம் வள்ளலின் ஊரும் பேரும் சொல்லி ஆற்றுப்படுத்துவான். இன்றைய இரவலர் உலகிலும் அந்த மரபு வாடவில்லை. யார் வாசல் திறந்திருக்கிறது என்ற தகவலை ஒருவன் விற்கிறான், இன்னொருவன் வாங்குகிறான். பூட்டும் நிரலை ஒருவன் வாடகைக்குக் கொடுக்கிறான், இன்னொருவன் பங்கு போட்டுக்கொள்கிறான். 2024-இல் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்காக 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. வாங்கிய கும்பல் தன் கூட்டாளிக்கே பங்கு தராமல் மறைந்தது. அதே தரவைக் காட்டி வேறொரு கும்பல் மறுபடி வந்து கேட்டது. ஒருமுறை கொடுத்த கை தங்களுடையது. மறுமுறை வருபவனுக்கு வழி சொல்ல ஆள் இருக்கிறது. வாசல் அப்படியே இருக்கிறதா என்று அவன் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகவே பெருமானே, தங்கள் புகழைக் கெடுக்க வரும் துஷ்டர்களிடம் எச்சரிக்கையாய் இருங்கள். வாரம் ஒருமுறை ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி, வேறொரு கட்டிடத்தில் வை என்பார்கள், காதில் வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார் என்பார்கள். ரிமோட் வாசலை மூடு, ஓ.டி.பி. வை, அப்டேட்டைத் தள்ளிப் போடாதே, அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கு அட்மின் உரிமை எதற்கு என்பார்கள். இன்வாய்ஸ் வேடத்தில் வரும் மின்னஞ்சலை எப்படி அடையாளம் காண்பது என்று ஊழியர்களை உட்கார வைத்து அரை நாள் சொல்லிக்கொடு என்பார்கள். திரை சிவந்தால் முதலில் எந்த கேபிளைப் பிடுங்குவது, யாருக்குப் போன் போடுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு என்பார்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, தங்கள் வரவேற்பறையில் புதிதாய்ப் போட்ட இத்தாலியப் பளிங்கின் ஒரு மூலைக்குக் கூடக் காணாது. அத்தனை மலிவானதைச் செய்வது தங்கள் அந்தஸ்துக்கு இழுக்கு.

கடைசியாக, பழைய வள்ளல்களைவிடத் தாங்கள் உயர்ந்து நிற்கும் இடத்தைச் சொல்லிப் பணிகிறேன். பாரி கொடுத்தது தன் தேர். பேகன் கொடுத்தது தன் போர்வை. தன் பொருளைக் கொடுக்கும் அந்தச் சிறுமை தங்களுக்கு இல்லை. தாங்கள் கொடுத்தது பேக்கிங் பிரிவுப் பெண்களின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும். தாங்கள் கொடுத்தது, கணவரிடம்கூடச் சொல்லாமல் ஒருத்தி மருத்துவரிடம் மட்டும் சொன்ன நோயை. தாங்கள் கொடுத்தது அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை வராத சம்பளத்தையும், அந்தத் தேதியை நம்பி வட்டிக்கு வாங்கியவர்களின் நிம்மதியையும், இரண்டு ஹார்ட் டிஸ்க் கேட்ட ஒரு தம்பியின் வேலையையும். அவர்களில் ஒருவரிடமும் தாங்கள் அனுமதி கேட்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் தாங்கள் நடந்ததைச் சொல்லவும் இல்லை. பிறர் பொருளை இத்தனை தாராளமாய் வாரி வழங்கியவர் தமிழகத்து வள்ளல் வரிசையில் தங்களுக்கு முன் எவரும் இல்லை.

எட்டாம் வள்ளலே, தங்கள் கொற்றம் வாழ்க. கொடுத்தது யாருடைய பொருள் என்று அதற்கு உரியவர்களுக்குத் தெரியாத வரை.